ஓடை மீனுக்கு விதைநெல் கோடை மடு

ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்துவிட்டால், அடி அண்ணாமலையைச் சுற்றியுள்ள ஓடைகளிலும் ஏரி வரத்துக் கால்வாய்களிலும் தண்ணீர் ஓடத் தொடங்கும். அடுத்த சில வாரங்களில் அந்தத் தண்ணீரில் விரல் நீள மீன்கள் துள்ளுவதைக் காணலாம். பிள்ளைகள் பழைய துண்டையும் கூடையையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடுவார்கள். இதே ஓடை சித்திரை மாதத்தில் வெறும் மணலும் கல்லுமாகக் கிடந்தது. அப்படியானால் இந்த மீன்கள் எங்கிருந்து வந்தன?

மண்ணுக்குள் முட்டை உறங்கிக் கிடந்து, மழை பெய்ததும் பொரிக்கிறது என்று கிராமங்களில் சொல்வதுண்டு. ஆப்பிரிக்கக் குட்டைகளில் வாழும் சில சிறு மீன்களுக்கு இது உண்மை. நம் ஊர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் இது பொருந்தாது. இவற்றின் முட்டை காய்ந்தால் செத்துவிடும். விரால், குரவை, தேளி போன்ற மீன்கள் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. ஆதலால் ஈரச் சேற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும். மற்ற மீன்கள் எல்லாம் கோடை முழுதும் எங்கோ ஓரிடத்தில், வற்றாத தண்ணீரில் பிழைத்திருந்து, புது வெள்ளத்தில் ஏறி வந்தவையே.

அந்த இடம் எது என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உலகின் பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் இதற்காகவே ஓடைகளை அளந்து, மீன் வாழும் இடங்களை முன்கணித்து, வரைபடம் தயாரிக்கிறார்கள். அந்த முறையின் சாரம் எளிமையானது. சிறு விவசாயிகளும் தங்கள் ஊர் ஓடையில் அதைக் கையாளலாம்.

நிலத்தைப் பார்த்துப் பயிரைச் சொல்வது போல

அனுபவமுள்ள விவசாயி ஒரு நிலத்தைப் பார்த்த மாத்திரத்தில், இங்கே மணிலா வரும், இங்கே நெல் வரும், இங்கே கேழ்வரகு தாங்கும் என்று சொல்லிவிடுவார். மண்ணின் நிறம், மேடு பள்ளம், கிணற்றின் நீர்மட்டம், ஏரியின் தூரம் ஆகியவற்றை மனத்தில் கூட்டிப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். மீனுக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. ஓடையில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் ஐந்து.

முதலாவது, ஆழம். கணுக்கால் அளவு நீரில் வாழும் மீன் வேறு, இடுப்பளவு மடுவில் வாழும் மீன் வேறு.

இரண்டாவது, நீரின் வேகம். ஒரு தக்கையை அல்லது காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டை நீரில் விட்டு, 10 மீட்டர் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். 20 விநாடி ஆனால், மேல்நீரின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடி நீர் இதைவிட மெதுவாகவே ஓடும்.

மூன்றாவது, அடிநிலம். பாறையா, உள்ளங்கை அளவுக் கற்களா, மணலா, சேறா என்பதைக் குறிக்க வேண்டும். பல மீன்கள் கல்லிடுக்கிலும் மணலிலும்தான் ஒளிகின்றன, இரை தேடுகின்றன, முட்டையிடுகின்றன.

நான்காவது, நிழல். நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். கரையில் நிற்கும் புங்கனும் நாவலும் நீர்மருதும் ஓடைக்குப் பந்தல் போட்டது போல உதவுகின்றன.

ஐந்தாவது, வழி. மற்ற நான்கும் நன்றாக இருந்தும், மீன் அங்கே வந்து சேரப் பாதை இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். கீழே உள்ள ஏரி எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை தடுப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் எந்த மீன்

கற்கள் நிறைந்து, நீர் சலசலத்து ஓடும் இடத்தில் கல்லொட்டி மீனை எதிர்பார்க்கலாம். இதன் வாய் அடிப்புறத்தில் அமைந்துள்ளது. கல்லைப் பற்றிக்கொண்டு, அதன் மேலுள்ள பாசியைச் சுரண்டித் தின்னும். கல் இல்லாத, சேறு படிந்த ஓடையில் இதைத் தேடுவது வீண்.

மெல்ல ஓடும் தெளிந்த நீரும் நல்ல மணலும் உள்ள இடம் அயிரைக்கு உகந்தது. ஆபத்து வந்தால் மணலில் புதைந்துகொள்ளும். ஆகவே மணலை அடியோடு அள்ளிய ஓடையில் அயிரைக்கு வீடில்லை. உளுவையும் மணலடியை விரும்பும் மீனே.

கல்லிடுக்கும் வேரடியும் உள்ள மடுக்களில் கெளுத்தியும் ஆரலும் பகலில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடும். நீர்ச்செடி மண்டிய, ஓட்டமில்லாத நீரில் விராலும் குரவையும் இருக்கும். கரையோரத்து ஆழமில்லாத நீரின் மேற்பரப்பில் முண்டக்கண்ணி திரியும். கொசுப் புழுக்களைத் தின்று ஊருக்கு நன்மை செய்யும் மீன் இது.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இந்த வேறுபாடுகளைக் காணலாம். செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கும்போது கல்லும் பாறையும் நிழலும் உள்ள மலை ஓடை. சமவெளிக்கு வந்தபின் அது அகன்ற மணல் ஆறு. துரிஞ்சலாறு தென்பெண்ணையில் சேருகிறது. அண்ணாமலையின் அடிவாரத்து ஓடைகளோ மழைக்கு ஓடி, வெயிலுக்கு வற்றுபவை. ஒரே மழையில் நனையும் மூன்று வகை ஓடைகளிலும் மூன்று வகை மீன் கூட்டங்களை எதிர்பார்க்க வேண்டும். எதிர்பார்த்தது சரியா என்பதை வலை போட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் செய்வது என்ன

ஒரு மலைத்தொடரில் ஆயிரக்கணக்கான ஓடைகள் இருக்கும். எல்லாவற்றிலும் வலை போட்டுப் பார்க்க ஆளும் பணமும் போதாது. எனவே சில நூறு இடங்களில் மட்டும் மீனைக் கணக்கெடுக்கிறார்கள். அதே இடங்களின் உயரம், சரிவு, நீர் வேகம், வெப்பம், அடிநிலம், சுற்றியுள்ள காடு ஆகியவற்றையும் அளக்கிறார்கள். எந்தச் சூழ்நிலையில் எந்த மீன் இருக்கிறது என்ற தொடர்பைக் கணினியின் உதவியால் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு, போய்ப் பார்க்காத ஓடைகளின் சூழ்நிலையை நிலப்படங்களிலிருந்து எடுத்து, அங்கே அந்த மீன் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கிறார்கள். இறுதியில் சில இடங்களுக்கு நேரில் சென்று கணிப்பைச் சோதிக்கிறார்கள்.

அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் 2015 ஆம் ஆண்டில், குளிர்ந்த நீரில் மட்டுமே வாழக்கூடிய டிரௌட் இன மீன்கள், பூமி வெப்பமடைந்த பிறகும் தங்கக்கூடிய மலை ஓடைகள் எவை என்று இவ்வாறு கணித்து வரைபடமாக வெளியிட்டனர். மீன் உடலிலிருந்து நீரில் கலக்கும் மரபணுத் துகள்களை, சில லிட்டர் நீரை வடிகட்டியே கண்டறியும் முறை இன்று உள்ளது. கணிப்பைச் சரிபார்க்க அதுவும் உதவுகிறது.

நம் நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்துறையில் நல்ல பணி நடந்துள்ளது. தமிழ்நாட்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மலை ஓடைகளில் ஒவ்வொரு மீனும் எந்த ஆழத்தில், எந்த ஓட்டத்தில், எந்த அடிநிலத்தில் வாழ்கிறது என்பதை ஆராய்ந்தனர். கர்நாடகத்தில் சராவதி ஆற்றின் மேற்பகுதியில் நடந்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. பசுமை மாறாக் காடு சூழ்ந்த, ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஓடைகளில்தான் அந்த மலைக்கே உரிய மீன் வகைகள் மிகுந்திருந்தன. கரையிலுள்ள காட்டைப் பார்த்தே நீரிலுள்ள மீனை ஓரளவு சொல்ல முடியும் என்பதை இது காட்டுகிறது.

இத்தகைய கணிப்பு ஏன் அவசியம்? 2011 ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் 290 வகை நன்னீர் மீன்களின் நிலை மதிப்பிடப்பட்டது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிய வந்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாத மீனை யாரும் காப்பாற்ற முடியாது.

வரைபடம் எங்கே தவறும்

வரைபடம் 'இங்கே மீன் வாழலாம்' என்றுதான் சொல்லும். 'இங்கே மீன் வாழ்கிறது' என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்தால் இரண்டு வகையில் தவறு நேரும்.

ஒன்று, பாதை அடைபட்ட இடம். விலாங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விலாங்கு கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஆற்றில் ஏறி வந்து வளர்கின்றன. தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை 1958 இல் கட்டி முடிக்கப்பட்டது. இத்தகைய உயரமான அணைக்கு மேலே எவ்வளவு நல்ல மடு இருந்தாலும், கடலிலிருந்து வரும் குஞ்சு அங்கே போய்ச் சேர்வது அரிது. நியூசிலாந்து ஆற்று மீன்களில் பல, கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே போய் வருபவை. ஆகவே அங்கே மீனிருப்பிடத்தைக் கணிக்கும்போது, கடலிலிருந்து உள்ள தூரத்தையும் வழியிலுள்ள செங்குத்துச் சரிவையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

மற்றொன்று, ஒரு முறை பார்த்துவிட்டு 'இல்லை' என்று முடிவு செய்வது. ஆரல் கல்லிடுக்கில் கிடக்கும்போது வலையில் விழாது. ஒரு தடவை போட்ட வலையில் ஒரு மீன் அகப்பட இரண்டில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவை வெவ்வேறு நாளில் போட்டும் அகப்படாமல் போக எட்டில் ஒரு வாய்ப்புதான் உண்டு. எனவே இல்லை என்று சொல்லுமுன் மூன்று முறையாவது பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு தவறுகளையும் திருத்தக் கூடியவர்கள் ஓடைக்கரையிலேயே வாழ்பவர்கள்தான். எந்த ஆண்டில் எந்த மடு வற்றியது, எந்தத் தடுப்பைத் தாண்டி மீன் ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

காவிரி தந்த பாடம்

சாதாரண மக்கள் எழுதி வைத்த குறிப்பு எவ்வளவு பயன்படும் என்பதற்குக் காவிரியே சாட்சி. கூன்முதுகு மாசீர் காவிரிப் படுகைக்கே உரிய பெரிய மீன். 1946 இல் கபினி ஆற்றில் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மீன் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. உலகெங்கும் பெயர் பெற்ற இந்த மீனின் சரியான அறிவியல் அடையாளம் 2018 இல்தான் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள மீன் என்றும் அறிவிக்கப்பட்டது.

இடைக்காலத்தில் வேறு ஆற்றுப் படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகள், பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டுக் காவிரியில் விடப்பட்டன. நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் என்ன நடந்தது? காவிரிக் கரையில் காலிபோர் என்ற இடத்தில், தூண்டில்காரர்கள் மீனைப் பிடித்து எடை பார்த்து மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரை அவர்கள் எழுதி வைத்த குறிப்பேடுகளை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் ஆராய்ந்தனர். நீலத்துடுப்பு மீன் பெருகப் பெருக, கூன்முதுகு மீன் அருகி வந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குறிப்பேடு இல்லையென்றால், 'மாசீர் நன்றாகத்தான் இருக்கிறது' என்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

எந்த இடத்தில் எந்த மீன் இருக்கிறது என்று அறியாமல் குஞ்சு விடுவது, மண்ணைப் பாராமல் விதைப்பதற்குச் சமம் என்பதே இதன் பாடம்.

சித்திரை மடுவே முக்கியம்

இனி அடி அண்ணாமலை போன்ற வறண்ட பகுதிக்கு வருவோம். வற்றாத மலை ஓடையில் மீனின் இடத்தை முடிவு செய்வன வேகமும் வெப்பமும் அடிநிலமும். மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றும் ஓடையில் எல்லாவற்றுக்கும் முன்னதாக நிற்பது, கோடையில் எந்த மடுவில் தண்ணீர் நிற்கிறது என்பதே. கார்த்திகை தீபத்துக்கு ஊர் கூடும் நாளில் ஓடை முழுவதும் மீன் இருக்கலாம். சித்திரை, வைகாசியில் அவை எல்லாம் ஒன்றிரண்டு மடுக்களில் ஒடுங்கிவிடும். அந்த மடு வற்றினால், அடுத்த மழையில் அந்த ஓடைக்கு மேலிருந்து மீன் வராது. கீழே ஏரியில் மிஞ்சியது ஏறி வந்தால்தான் உண்டு.

ஒரு மடு தாங்குமா என்பதையும் முன்கூட்டியே கணிக்கலாம். திறந்த வெயிலில் கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு சுமார் 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகக் கூடும். பங்குனி முடிவிலிருந்து ஆடி பிறக்கும் வரை 90 நாள் என்று கொண்டால், 54 சென்டிமீட்டர் நீர் வெயிலுக்கே போய்விடும். எனவே பங்குனிக் கடைசியில் முழங்கால் ஆழமுள்ள மடு, கோடை மழையோ ஊற்றோ இல்லையென்றால் ஆடி வரை தாங்காது. இடுப்பளவு ஆழமுள்ள மடு, யாரும் இறைக்காமலும், அடியில் நீர் சுவறிப் போகாமலும் இருந்தால் தாங்கும். மர நிழல் விழும் மடு இன்னும் சில நாள் கூடுதலாகத் தாங்கும்.

ஆகவே பங்குனிக் கடைசி வாரத்தில் ஒரு முறை ஓடை நெடுகிலும் ஒரு கம்புடன் நடந்து சென்று, ஒவ்வொரு மடுவின் ஆழத்தையும் அளந்து வந்தால் போதும். அடுத்த மழைக்கு மீன் எங்கிருந்து வரும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

மடு நீரும் மணிலாப் பயிரும்

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். வைகாசியில் மணிலா வாடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மடுவில் தண்ணீர் நிற்கிறது. பயிரை விட்டுவிட்டு மீனைப் பார்ப்பதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் உள்ள மடுவில் நிற்கும் நீர் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் ஆயில் இன்ஜினை வைத்தால், சுமார் 33 நிமிடத்தில் மடு காலி. அந்த நீரை ஒரு ஏக்கரில் பரப்பினால் 5 மில்லிமீட்டர் உயரம்தான் நிற்கும். ஒரு ஏக்கர் மணிலாவுக்கு ஒரு தண்ணீர் முறையாகக் கட்ட, 50 மில்லிமீட்டர் என்று கொண்டால், இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். மடுவில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. பயிரும் பிழைக்காது, மீனும் மிஞ்சாது.

விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் ஒரு வேளைப் பசி தீரும். அடுத்த பட்டத்துக்கு விதை இராது. கோடை மடுவை இறைப்பதும் அது போன்றதே. எல்லா மடுவையும் விட்டுவைக்க வேண்டும் என்பதில்லை. ஓடையில் ஆழமான, நிழலுள்ள, ஊற்றுள்ள இரண்டு மூன்று மடுக்களை ஊர் கூடித் தேர்ந்தெடுத்து, அவற்றில் இன்ஜின் வைப்பதில்லை, வலை போடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டால் போதுமானது. கால்நடை தண்ணீர் குடிக்கத் தடை வேண்டியதில்லை. ஒரு பக்கமாக மட்டும் இறங்கும்படி துறை அமைத்தால் கரை சரியாது.

கோயிலை ஒட்டிய நீரில் மீன் பிடிக்காத வழக்கம் நம் நாட்டில் பழமையானது. சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் பெரிய மாசீர் மீன்கள் கூட்டமாக நிற்பதை இன்றும் காணலாம். சட்டத்தைவிட ஊர்க் கட்டுப்பாடு வலிமையாக நின்ற இடம் அது. அதே கர்நாடகத்தில் சிசிலா என்ற ஊரில், கோயிலருகே பாதுகாக்கப்பட்டு வந்த மீன்கள், 1996 இல் யாரோ நஞ்சு கலந்ததால் ஆயிரக்கணக்கில் மாண்டன. அதன் பின் அவ்வூரார் கூடி மீன் காவலுக்கு அமைப்பு ஏற்படுத்திக்கொண்டனர். கோடையில் மீன் ஓரிடத்தில் ஒடுங்கும்போது, காப்பதும் எளிது, அழிப்பதும் எளிது.

பாதையைத் திறந்து வையுங்கள்

மடு மிஞ்சினாலும், அங்கிருந்து மேலும் கீழும் போக வழி வேண்டும். ஏரி கோடி போகும்போது மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்போது ஏறும் மீன்களில் பெரும்பாலானவை முட்டையுடன் இருப்பவை. முதல் வெள்ளத்தில் கோடியின் கீழே கூடை வைத்து அவற்றை ஒட்டுமொத்தமாகப் பிடிப்பது, பால் தரும் பசுவை அறுப்பதற்கு ஒப்பாகும். முதல் ஒரு வாரம் பொறுத்துப் பிடித்தால் வரும் மாதங்களில் அதிகமாகக் கிடைக்கும்.

தடுப்பணை நிலத்தடி நீருக்கு நல்லது. ஆனால் அதன் கீழ்ப்புறம் செங்குத்தான சுவராக இருந்தால் சிறு மீன் ஏற முடியாது. சுவரின் ஒரு பக்கத்தில் கற்களைச் சரிவாக அடுக்கி, நீர் அதன் மேல் படிந்து ஓடும்படி செய்தால், அயிரையும் கெளுத்தியும் ஏறும். புதிதாகத் தடுப்பணை கட்டும்போதே பொறியாளரிடம் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஏரி, குட்டைகளில் தூர் எடுக்கும்போது, தரையை ஒரே மட்டமாக வழிக்காமல், ஒரு மூலையில் ஆழமான பள்ளம் விட வேண்டும். மற்ற இடம் வற்றினாலும் பள்ளத்தில் நீர் நிற்கும். மீனுக்கு அது புகலிடம்.

வேண்டாத விருந்தாளிகள்

உள்ளூர் மீன் குறைந்துவிட்டது என்று, கிடைத்த குஞ்சையெல்லாம் ஓடையில் விடுவது கூடாது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கங்கை போன்ற வடநாட்டு ஆறுகளைச் சேர்ந்தவை. பண்ணைக் குட்டையிலும் ஏரியிலும் வளர்த்து வருமானம் பார்க்க ஏற்றவை. சிறு ஓடை அவற்றுக்கு இடமன்று. 1952 இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி, எந்த நீரிலும் பெருகி மற்ற மீன்களை நெருக்குகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி உள்ளூர் மீன்களையே இரையாக்கும். அதை வளர்க்க மத்திய அரசு 2000 ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. கொசுவை ஒழிக்கவென்று 1928 இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கம்பூசியாவும் உள்ளூர்ச் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னக் கூடியது. அந்த வேலைக்கு நம் முண்டக்கண்ணி இருக்கிறது.

குட்டையில்தானே வளர்க்கிறோம் என்று எண்ணுவதும் சரியன்று. 2018 இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, வளர்ப்புக் குளங்களிலிருந்து அரபைமா போன்ற அயல்நாட்டு மீன்கள் தப்பி ஆறுகளில் சேர்ந்தன. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வெள்ளம் வரும்போது எந்தக் குட்டைக்கும் கரை இல்லை. பண்ணைக் குட்டையின் போக்கு வாயில் சிறு கண் வலை கட்டுவதும், தடை செய்த மீனை அறவே தவிர்ப்பதும்தான் பாதுகாப்பு.

மருந்து தெளிப்பவர்களும் கவனிக்க வேண்டும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்திராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். தெளிப்பானை ஓடையிலோ மடுவிலோ கழுவக் கூடாது. வயலோரத் தரிசில், நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் கழுவ வேண்டும். வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை, 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது.

ஊருக்கு ஒரு நோட்டு

இவ்வளவுக்கும் தேவைப்படும் செலவு, நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சில் ஒன்றும்தான். ஓடையின் படத்தை ஒரு தாளில் கோடாக வரைந்து, மடுக்களுக்கு வரிசை எண் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மடுவுக்கும் கீழ்க்கண்டவற்றை எழுதலாம்.

1. பங்குனிக் கடைசியில் ஆழம் எவ்வளவு.

2. அடிநிலம் கல்லா, மணலா, சேறா. நிழல் உண்டா.

3. எந்த மாதம் வற்றியது, அல்லது வற்றவே இல்லையா.

4. கீழே உள்ள ஏரி வரை எத்தனை தடுப்பு, ஒவ்வொன்றின் உயரம் என்ன.

5. எந்தத் தேதியில் என்னென்ன மீன், சுமாராக எத்தனை கிடைத்தன. ஒன்றும் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்றும் எழுத வேண்டும். 'இல்லை' என்ற குறிப்பும் மதிப்புள்ளதே.

பள்ளிப் பிள்ளைகள் இதை ஆர்வத்துடன் செய்வார்கள். மீன் பெயரை ஊரில் வழங்கும் பெயராகவே எழுதலாம். பெரியவர்களிடம் கேட்டு, முன்பு இருந்து இப்போது காணாத மீன்களையும் தனியே குறிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பு சேர்ந்ததும், எந்த மடு ஒருபோதும் வற்றவில்லை, எந்தத் தடுப்புக்கு மேலே மீன் இல்லை என்பது தானாகவே விளங்கும். முதலில் காக்க வேண்டிய மடுவும், முதலில் சரிவு போட வேண்டிய தடுப்பும் அவைதாம். மீன்வளத் துறை அலுவலர்களிடம் அந்த நோட்டைக் காட்டினால், மற்ற ஓடைகளைக் கணிக்கவும் அது உதவும்.

மலையில் மரம் வளர்ந்து, மழைநீர் மெல்ல இறங்கினால் ஓடைகள் இன்னும் சில வாரம் கூடுதலாக ஓடும். அந்த நன்மை பல ஆண்டு உழைப்பின் பலனாக வரும். மடுவைக் காப்பதோ இந்தக் கோடையிலேயே செய்யக்கூடியது. அரை மணி நேரம் இன்ஜின் ஓட்டாமல் விட்ட தண்ணீர், ஐப்பசி மழையில் ஓடை நிறைய மீனாகத் திரும்பி வரும்.